ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டர்

முதலில் செங்குத்து அச்சில் ஒரு புள்ளி.
இரவு இரண்டு மணிக்குச்
சரக்கு வண்டி எங்கே இருக்கிறதோ அங்கே:
பன்னிரண்டாவது கிலோமீட்டர்.
அங்கிருந்து ஒரு மணி நேரம் வலப்பக்கம் நகர்ந்து
நாற்பது கிலோமீட்டர் மேலே ஏறினால்
இன்னொரு புள்ளி.
நேர்கோட்டுக்கு இரண்டு போதும்.
நான் மூன்றாவதும் வைப்பேன்.
மூன்றும் நூல் பிடித்தாற்போல் நிற்காவிட்டால்
தூக்கத்தில் கூட்டியிருக்கிறேன் என்று பொருள்.

y = 40x + 12.
மூவாயிரம் டன் நிலக்கரியையும்
ஓட்டுநர் ஒரால்பெக்கின் பல்வலியையும்
இதற்குமேல் சுருக்க முடியாது.

சன்னலுக்கு வெளியே கசாக் புல்வெளி,
தோசைக்கல் மாதிரித் தட்டை.
என் தாளில் மட்டும் வண்டிகள் மலையேறுகின்றன.
விரைவு வண்டி செங்குத்தாக.
சோம்பல் வண்டி
ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே.

எதிரே பயணிகள் வண்டி
நூற்று முப்பத்திரண்டிலிருந்து
மணிக்கு அறுபதாக இறங்கி வருகிறது.
இறங்கும் கோட்டுக்குக் கழித்தல் குறி.
அவ்வளவுதான், அதில் துக்கம் ஏதுமில்லை.

ஒற்றைத் தண்டவாளம்.
இரண்டு கோடும் எங்கேயாவது வெட்டியே தீரும்.
வெட்டுகிற இடத்தில் கிளைப்பாதை இருக்கவேண்டும்.
மணி மூன்று பன்னிரண்டு,
அறுபதாவது கிலோமீட்டர், சோர்கூல் நிலையம்.
கிளைப்பாதை உண்டு, விளக்கு உண்டு,
யாருடையது என்று தெரியாத ஒரு நாயும் உண்டு.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
தேநீர் ஊற்றப் போனேன்.

இரண்டு ஐந்துக்குத் தொலைபேசி.
"அக்மரால், பனிக்காற்று.
பன்னிரண்டைத் தாண்டியதிலிருந்து முப்பதுதான் போகிறது.
என்னைத் திட்டாதே, காற்றைத் திட்டு."

யாரையும் திட்டவில்லை.
நாற்பதை அழித்து முப்பது என்று எழுதினேன்.
பன்னிரண்டைத் தொடவில்லை.
கிளம்பிய இடத்தை யாராலும் மாற்ற முடியாது.
அளவுகோலின் ஒரு முனையை
அந்தப் புள்ளியில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு
மறுமுனையைக் கொஞ்சம் கீழே இறக்கினேன்.
கொஞ்சம்தான்.

வெட்டும் புள்ளி இடம்பெயர்ந்தது.
மூன்று இருபது. ஐம்பத்திரண்டு.

ஐம்பத்திரண்டு எனக்குத் தெரியும்.
வெள்ளைக் கல்லில் கறுப்பு எண்.
அதன்மேல் கோடையில் ஒரு பருந்து உட்கார்ந்திருக்கும்.
வேறொன்றும் இல்லை.
கிளைப்பாதை இல்லை.

'கிழித்த கோட்டைத் தாண்டாதவள்' என்று
அடங்கின பெண்களைச் சொல்வார்களாம்.
நான் கோடு கிழிக்கிறவள்.
இரண்டு வண்டிகள், நானூறு பேர்,
ஒரு பல்வலி,
யாரும் அதைத் தாண்டக் கூடாது.

சோர்கூலில் செய்ல்கானை எழுப்பினேன்.
"பயணிகள் வண்டியைக் கிளைப்பாதையில் ஏற்று.
மூன்று பன்னிரண்டிலிருந்து மூன்று முப்பத்தாறு வரை."
"காரணம்?"
"அப்புறம்."

தாளில் அறுபதுக்கு நேராக
இருபத்து நான்கு நிமிட அகலத்தில்
ஒரு கிடைக்கோடு.
சரிவு பூஜ்யம்.
சமன்பாட்டில் நேரம் இருக்காது, வெறும் y = 60.
நேரம் இல்லாத அந்தக் கோட்டுக்குள்
யாரோ கழிப்பறைக் கதவை மூன்று முறை தட்டியிருப்பார்கள்,
ஒரு குழந்தை, "வந்துட்டோமா?" என்று கேட்டிருக்கும்,
நாய் ஒவ்வொரு பெட்டியாக முகர்ந்திருக்கும்.

மூன்று முப்பத்தாறு.
நிலக்கரி கடந்து போனது என்றான் செய்ல்கான்.
நாற்பத்தெட்டு பெட்டிகளையும் எண்ணினானாம்.
கிடைக்கோடு முடிந்த இடத்திலிருந்து
மறுபடி இறக்கம், பழைய சரிவில்.
பழைய கோட்டுக்கு இணையாக,
என்றைக்கும் அதைத் தொடாமல்.

இன்று தலைமையகத்திலிருந்து கடிதம்.
பயணி ஒருவர் புகார்:
நடு இரவில், நடுக் காட்டில்,
இருபத்து நான்கு நிமிடம்,
காரணமே இல்லாமல்.
விளக்கம் தருக.

தாளை இணைத்திருக்கிறேன்.
ரப்பர் தேய்த்த இடத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கும்,
பொறுத்தருள்க.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:

ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டரில்
ஒன்றும் நடக்கவில்லை.